ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 – ஜனவரி 30, 1960) தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளியல் அறிஞரும் காந்தியவாதியும் ஆவார். இவரது இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். காந்தியால் 1934 இல் தொடங்கப்பட்ட அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்து அதனை வளர்த்தவர். கிராமத் தொழில்களுக்காகப் பாடுபட்டவர் என்றே பெரும்பாலும் அறியப்படுகிறார். எனினும் இவரது பொருளியலின் அடித்தளம் மண்ணே. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்பதையும், வறண்ட கரட்டு நிலத்தை அந்நிலத்துக்குரிய பயிர்களைக் கொண்டே பயன்படுத்தவேண்டும் என்பதையும் இவர் முப்பது ஆண்டுகள் வலியுறுத்தி வந்தார். தம் இறுதி ஆண்டுகளை மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார்.

இளமையும் கல்வியும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் அரசுப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். தாய் எஸ்தர் ராஜநாயகம். ஒழுங்கும் சிக்கனமும் மிகுந்த வீடு அது. பிள்ளைகள் அனைவரும் ஆங்கிலக் கல்வி பெற்றனர். இவருடைய தம்பி பாரதன் குமரப்பாவும் பிற்காலத்தில் காந்திய எழுத்தாளராகப் பெயர் பெற்றார்.

இலண்டனில் கணக்கியல் பயின்று தணிக்கையாளராகத் தேறிய குமரப்பா அங்கேயே சில காலம் தொழில் செய்தார். தாயின் விருப்பத்திற்கிணங்க 1919 இல் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் ஒன்றை நடத்தினார். இக்காலத்தில் இவர் முற்றிலும் மேல்நாட்டு முறையில் வாழ்ந்தார். உடையிலும் உணவிலும் பழக்கவழக்கங்களிலும் ஆங்கிலேயரைப் போலவே இருந்தார் எனலாம்.

1927 இல் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை பயின்றார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பொருளியலாளர் எட்வின் செலிக்மனிடம் பொதுநிதி பயின்றார். இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது பற்றித் தேவாலயம் ஒன்றில் இவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தூண்டினார். அவ்வாறு எழுதப்பட்டதே பொதுநிதியும் நமது வறுமையும் என்னும் ஆய்வுரை. ஆங்கில ஆட்சியின் வரியும் செலவும் இந்திய மக்களை எவ்வாறு வறியவர்களாக்கின என்பதை இவர் கணக்குகளைக் கொண்டே நிறுவினார். அதுவரை அரசியலில் ஈடுபாடற்றிருந்த இவரை மாற்றியது எந்தத் தலைவரின் சொற்பொழிவும் அன்று. இவரே போட்ட கணக்குதான்.

இந்தியா திரும்பியபின் கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டார்.

காந்தியுடன் சந்திப்பு

ஆய்வுரையை நூலாக வெளியிடும் எண்ணத்துடன் காந்தியின் கருத்தறிய விரும்பிய குமரப்பா, 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சந்திப்பு நேரத்திற்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தமையால் குமரப்பா அவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார். அவரே காந்தி என்பது பின்னரே தெரிந்தது. மேல்நாட்டு உடையுடன் இருந்தபோதும் குமரப்பா தரையிலேயே அமர்ந்து உரையாடினார். ஆய்வுரையைத் தம் யங் இந்தியா இதழில் வெளியிட இசைந்த காந்தி, குஜராத்திக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தித் தரமுடியுமா என்றும் கேட்டார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆயினும் ஒப்புக்கொண்டார்.

மாதர் வட்ட ஆய்வு

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாதர் வட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் இவர் இவ்வாய்வை நடத்தினார். ஒவ்வொரு குடும்பத்தின் நிலம், கால்நடை, கடன், வரவு, செலவு ஆகியன பதியப்பட்டன. 1931 இல் வெளியான அறிக்கை, உழவரின் நிகர வருவாய்க்கும் அவர்மீது விதிக்கப்பட்ட நிலவரிக்கும் இடையே எவ்விதப் பொருத்தமும் இல்லை என்பதைக் காட்டியது.

இந்தியக் கிராமத்தைக் குமரப்பா நேரில் கண்டது இதுவே முதன்முறை. அப்போது இவருக்கு வயது முப்பத்தேழு. கிராம வாழ்வைப் பற்றி இத்துணை எழுதியவர் அதனை இவ்வளவு காலந்தாழ்த்தியே கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவேளை அதனால்தான் பிறர் வழக்கமெனக் கண்டு கடந்து சென்றவற்றை இவர் கணக்கில் கொண்டுவந்தார். சாணம் எரிக்கப்படுவது, கழிவு வீணாவது, மேட்டு நிலம் பயனின்றிக் கிடப்பது ஆகியவை இவர் கண்ணில் இழப்புகளாகவே பட்டன.

உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி கைது செய்யப்பட்டபின் யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அதில் எழுதிய கட்டுரைகளுக்காகச் சிறைப்பட்டு, காந்தி-இர்வின் உடன்பாட்டையடுத்து விடுதலையானார். 1932 இல் மீண்டும் சிறை சென்றார்.

பீகார் நிலநடுக்கம்

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. துயர்தணிப்பு நிதியின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என வரையறுத்த இவர், அங்கு வந்த காந்தியின் குழுவினருக்கான செலவையும் நிதியிலிருந்து தர மறுத்துவிட்டார். காந்தி இதனால் வருத்தமடையவில்லை. அவ்வாண்டின் இறுதியில் கிராமத் தொழில் சங்கம் தோற்றுவிக்கப்பட்டபோது அதன் செயலாளராக அவர் தேர்ந்துகொண்டது இவரையே.

மகன்வாடி

சங்கத்தின் தலைமையிடம் வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில் அமைந்தது. காந்தியின் உறவினரான மகன்லால் காந்தியின் நினைவாக அது மகன்வாடி எனப் பெயரிடப்பட்டது. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், புகையற்ற அடுப்பு, தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஆகியவை அங்கு ஆராயப்பட்டன. 1938 டிசம்பரில் மகன் அருங்காட்சியகம் காந்தியால் திறந்துவைக்கப்பட்டது.

மகன்வாடியில் எருத் தயாரிப்பு ஒரு தனித் தொழிலாகவே மதிக்கப்பட்டது. மனிதக் கழிவும் மாட்டுச் சாணமும் இலைதழைகளும் மண்ணுடன் சேர்த்து மட்கவைக்கப்பட்டன. ஏறத்தாழ இதே காலத்தில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில வேளாண் அறிஞர் இந்தூரில் உருவாக்கிய மட்கு எரு முறை இந்தியாவெங்கும் பேசப்பட்டது. காந்தியின் ஹரிஜன் இதழிலும் 1935 இல் அது விளக்கப்பட்டது. ஹோவர்டு பயிரின் நோயிலிருந்து தொடங்கி மண்ணை வந்தடைந்தார். குமரப்பாவோ உழவனின் வறுமையிலிருந்து தொடங்கி அதே இடத்திற்கு வந்தார்.

1938 இல் ஜவகர்லால் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பா உறுப்பினராக இருந்தார். கிராமத் தொழில்களுக்கு அங்கு இடமில்லை எனக் கண்டு விரைவிலேயே விலகினார். அதன்பின் மத்திய மாகாணத்திலும் வடமேற்கு எல்லை மாகாணத்திலும் தொழில் ஆய்வுகளை மேற்கொண்டார்.

நிலைத்த பொருளாதாரம்

வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் சிறைப்பட்ட குமரப்பா, ஜபல்பூர் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம். காந்தியின் முன்னுரையுடன் 1945 இல் வெளிவந்த இரண்டாவது நூலே இவருடைய முதன்மையான படைப்பாகும்.

இந்நூலில் இவர் உலகின் செல்வங்களை இருவகையாகப் பிரிக்கிறார். நிலக்கரி, கல்லெண்ணெய், இரும்புத் தாது போன்றவை தேங்கிய செல்வம். எடுக்க எடுக்கக் குறையும், மீண்டும் நிரம்பா. மரம், பயிர், கால்நடையின் உழைப்பு, ஓடும் நீர் போன்றவை ஓடும் செல்வம். முறையாகப் பயன்படுத்தினால் ஆண்டுதோறும் கிடைக்கும். தேங்கிய செல்வத்தைச் சார்ந்த வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இட்டுச்செல்லும் என்றும், ஓடும் செல்வத்தைச் சார்ந்த வாழ்வே நிலைக்கும் என்றும் இவர் வாதிட்டார். தணிக்கையாளர் ஒருவர் முதலுக்கும் வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை நிலத்தின்மீது பொருத்திப் பார்த்ததன் விளைவே இப்பகுப்பு.

இயற்கையில் காணப்படும் பொருளாதார முறைகளையும் இவர் ஐந்து படிகளாக வகுத்தார். பிறவற்றை உறிஞ்சி வாழ்வது, கவர்ந்து வாழ்வது, உழைத்து வாழ்வது, கூடி வாழ்வது, பயன் கருதாது தொண்டு செய்வது என்பன அவை. கூடு கட்டும் பறவை மூன்றாவதற்கும், தேனீக்கள் நான்காவதற்கும், குஞ்சுகளுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஐந்தாவதற்கும் எடுத்துக்காட்டுகளாகும்.

வறண்ட நிலமும் பனையும்

நிலைத்த பொருளாதாரம் நூலில் இன்றும் கவனத்திற்குரிய பகுதி, சமச்சீர்ச் சாகுபடி பற்றியதாகும். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் நிலப்பரப்பை ஓர் அலகாகக் கொண்டு, அம்மக்களுக்குத் தேவையான தானியம், பருப்பு, வெல்லம், எண்ணெய், காய்கறி, பால், பருத்தி ஆகியவற்றைக் கணக்கிட்டு, எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் என ஒதுக்கவேண்டும் என்பது அத்திட்டம். விலை எது தருகிறதோ அதைப் பயிரிடுவது என்ற வழக்கத்தை இது மறுக்கிறது. ஆலைகளுக்கான கரும்பு, புகையிலை, சணல் போன்றவை உணவுப் பயிர்களின் நிலத்தைப் பிடித்துக்கொள்வதை இவர் கடுமையாக எதிர்த்தார்.

அப்படியானால் இனிப்புக்கு எங்கே போவது? இதற்கு இவர் காட்டிய வழி பனை. கரும்புக்கு நல்ல நிலமும் ஏராளமான நீரும் வேண்டும். பனைக்கோ இரண்டும் வேண்டா. ஏர் செல்லாத கரட்டு மேட்டிலும், வயல் வரப்பிலும், கண்மாய்க் கரையிலும், மணல் தேரியிலும் அது தானே வளரும். உரமிடுவாரும் இல்லை, நீர் பாய்ச்சுவாரும் இல்லை. ஆகவே வெல்லத்தைப் பனையிலிருந்து எடுத்தால் கரும்பு நிலம் நெல்லுக்கும் பருப்புக்கும் விடுபடும் என்பது இவரது கணக்கு. சங்கத்தின் பனைவெல்லப் பணியைக் கஜானன் நாயக் முன்னின்று நடத்தினார்.

மதுரைச் சமவெளியை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. வைகை, பெரியாறு பாசனம் பெறும் பகுதிகளை விட்டால், மாவட்டத்தின் தெற்கும் மேற்கும் பெரும்பாலும் மானாவாரி நிலங்களே. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் நிலம் வெயிலில் காயும். அந்நிலையிலும் பசுமை மாறாமல் நிற்பது பனை ஒன்றே. தெற்கே விருதுநகர், இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் இது இன்னும் மிகுதி.

பதநீர் இறக்கும் முறை வருமாறு. பனையேறி பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் சீவிவிடுவார். சொட்டும் நீர் உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேரும். சுண்ணாம்பு இல்லையெனில் அது சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். கோடைக்கு முன் தொடங்கும் இப்பருவம் சில மாதங்களே நீடிக்கும். ஒரே மரத்திலிருந்து கள்ளும் எடுக்கலாம், கருப்பட்டியும் எடுக்கலாம். வேறுபாடு ஒரு பூச்சுச் சுண்ணாம்பே. மதுவிலக்கை ஆதரித்த குமரப்பாவுக்கு இது முக்கியமாகப் பட்டது. 1937 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948 இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, கள் இறக்கியவர்களுக்கு மாற்றுத் தொழிலாகப் பனைவெல்லமே முன்வைக்கப்பட்டது. 1957 இல் அமைந்த காதி கிராமத் தொழில் ஆணையமும் பனைவெல்லத்தைத் தன் பொறுப்பிலுள்ள தொழில்களுள் ஒன்றாக ஏற்றது.

இத்திட்டத்தில் குறையில்லாமல் இல்லை. பதநீர் காய்ச்ச விறகு வேண்டும். வறண்ட நிலத்தில் விறகுக்கும் பஞ்சமே. பனை விதைத்தவர் பதநீர் குடிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கவேண்டும். நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்குவது உயிருக்கு ஆபத்தான வேலை. அத்துடன் பனையேறிகள் சமூகத்தில் இழிவாக நடத்தப்பட்டனர் என்பதையும் மறத்தல் ஆகாது. தம் பிள்ளைகள் மரம் ஏறக்கூடாது என அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. மண்ணையும் மரத்தையும் நுட்பமாகக் கணக்கிட்ட குமரப்பா, மரம் ஏறுபவரின் இந்த விருப்பத்தைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

மண்ணின் வளம்

செயற்கை உரங்களைக் குமரப்பா தொடக்கம் முதலே ஐயத்துடன் நோக்கினார். அவை மண்ணைச் சில காலம் தூண்டிவிடுமேயன்றி வளப்படுத்தா என்பதும், மண்ணை ஆராயாமல் எல்லா நிலத்திற்கும் ஒரே உரத்தை இடுவது தீங்கானது என்பதும் இவரது கருத்து. உழவு இயந்திரத்தையும் இதே நோக்கில்தான் எதிர்த்தார். மாடு புல்லைத் தின்று உழுது சாணமும் தருகிறது. இயந்திரம் உழும், ஆனால் வெளியிலிருந்து வரும் எண்ணெயை வேண்டும், சாணம் தராது. எனவே இயந்திரம் வந்த இடத்தில் செயற்கை உரமும் உடன்வந்தே தீரும் என்பது இவரது வாதம்.

வறண்ட நிலங்களில் இக்கருத்திற்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. நீர் பாயும் நிலத்தில் உரம் கரைந்து பயிருக்குச் சேரும். மழை பொய்த்தால் மானாவாரி நிலத்தில் இட்ட உரமும் வீண், வாங்கிய கடன் மட்டும் மிச்சம். அங்கு முதல் தேவை ஈரத்தைப் பிடித்துவைக்கும் மட்கும், வெயிலும் மழைத்துளியும் நேரே தாக்காதபடி நிலத்தை மூடும் தழைப்போர்வையும் ஆகும். தென் மாவட்ட உழவர்கள் இதற்குக் கொழிஞ்சி, அவுரி, சணப்பு போன்றவற்றைப் பயன்படுத்தி வந்துள்ளனர். இவற்றுள் கொழிஞ்சி தனிச்சிறப்புடையது. தரிசிலும் சரளை மண்ணிலும் தானே முளைத்துத் தாழப் படர்ந்து வளரும். ஆடுமாடுகள் பெரும்பாலும் அதனைத் தீண்டுவதில்லை. வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் நல்ல தழையுரமாகும். கேட்பது குறைவு, தருவது மிகுதி என்ற வகையில் பனை மேலே செய்வதைக் கொழிஞ்சி தரையில் செய்கிறது.

1951 அக்டோபரில் சிந்திரி உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நாடு எத்திசையில் செல்லப்போகிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

நிலச் சீர்திருத்தக் குழு

விடுதலைக்குப்பின் காங்கிரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவிற்குக் குமரப்பா தலைவரானார். நாடு முழுவதும் சென்று விசாரணை நடத்திய குழு 1949 இல் அறிக்கை அளித்தது. உழுபவருக்கே நிலம், இடைத்தரகர் ஒழிப்பு, நில உடைமைக்கு உச்ச வரம்பு, சிறு உழவர்களுக்குக் கூட்டுறவுச் சாகுபடி என்பன அதன் முதன்மையான பரிந்துரைகள். குடும்பம் ஒன்று முறையாக வாழப் போதுமான நிலத்தின் அளவைப்போல் மூன்று மடங்கே உச்ச வரம்பாக இருக்கலாம் என்றது அறிக்கை. ஜமீன் ஒழிப்புத் தவிர மற்றவை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன. மாநிலங்கள் பின்னர் இயற்றிய உச்ச வரம்புச் சட்டங்கள் விதிவிலக்குகளால் வலுவிழந்தன.

காந்தியின் மறைவுக்குப்பின் அரசிலிருந்த பழைய தோழர்களுடன் குமரப்பாவுக்குக் கருத்து வேறுபாடு முற்றியது. சங்கப் பொறுப்புகளிலிருந்து விலகிய இவர், வார்தாவுக்கு அருகிலுள்ள செல்டோ என்னும் கிராமத்தில் பண்ணை ஆசிரமம் ஒன்றைத் தொடங்கிச் சமச்சீர்ச் சாகுபடியை நடைமுறையில் செய்து பார்க்க முனைந்தார். ஆசிரமத்தின் பெயரிலேயே தமிழ்ச் சொல் இருப்பதைக் காணலாம். இக்காலத்தில் சீனா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளுக்கும் சென்றுவந்தார். சீனாவின் நிலப் பங்கீட்டைப் பாராட்டி எழுதியதால் பொதுவுடைமைவாதி என இகழப்பட்டார். பிற்போக்காளர் என்று ஏற்கெனவே ஒரு சாரார் கூறிவந்தனர். ஒரே மனிதர் இருவகையாகவும் தூற்றப்பட்டார்.

கல்லுப்பட்டியில்

உடல்நலம் குன்றியதால் செல்டோ முயற்சியை நெடுங்காலம் தொடர இயலவில்லை. உயர் இரத்த அழுத்தத்தால் துன்புற்ற குமரப்பா தமிழ்நாட்டிற்குத் திரும்பி, டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தங்கினார். இந்த ஆசிரமம் கோ. வேங்கடாசலபதியால் 1940 இல் தொடங்கப்பட்டது. மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில் உள்ளது இவ்வூர். சுற்றிலும் பெரும்பாலும் கரிசல் நிலம். சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி ஆகியன மழையை நம்பி விளைபவை. கோடையில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். மழை பெய்தாலோ கால் வைக்க முடியாதபடி ஒட்டும்.

இந்நாள்களில் இவரால் பயணம் செய்யவோ நிலத்தில் இறங்கி வேலை செய்யவோ பெரும்பாலும் இயலவில்லை. திருமணம் செய்துகொள்ளாத இவருக்கு ஆசிரமத்தாரே உறவினர். சிறு குடிலில் எளிமையாக வாழ்ந்தார். குடிலின் சுவரில் காந்தியின் படத்துடன் ஏழைக் கிராமவாசி ஒருவரின் படமும் இருந்தது. அவர் யாரெனக் கேட்ட விருந்தினரிடம், தம் தலைவருக்கும் தலைவர் அவரே எனக் குமரப்பா விளக்கியதாகக் கூறுவர். 1951 இல் தொடங்கிய வினோபாவின் பூதான இயக்கம் அன்று தமிழ்நாட்டில் பரவிக்கொண்டிருந்தது. மதுரை மாவட்டம் அதன் முக்கியக் களங்களில் ஒன்று. நிலம் கைமாறுவது மட்டும் போதாது, கிடைத்த நிலத்தில் எதை எவருக்காக விளைவிப்பது என்பதும் முடிவாகவேண்டும் என்பதே குமரப்பாவின் நெடுநாளைய நிலைப்பாடு. நன்கொடையாக வந்த நிலங்களுள் கணிசமானவை பாறையும் தரிசுமாக இருந்தன என்பதை எண்ணும்போது, அக்கேள்வி வெறும் கோட்பாட்டுக் கேள்வியாக இருக்கவில்லை எனத் தெரிகிறது.

நாட்டின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956 இல் கனரகத் தொழில்களை முன்னிறுத்தித் தொடங்கியது. அடுத்த ஆண்டு தம்பி பாரதன் காலமானார். குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று, காந்தி கொல்லப்பட்ட அதே நாளில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 68.

மறுப்புகள்

குமரப்பாவின் கருத்துகளுக்கு எதிராக வலுவான வாதங்கள் உண்டு. பெருகும் மக்கள்தொகைக்கு மட்கு எருவும் மாட்டு ஏரும் போதுமா என்பது அவற்றுள் முதன்மையானது. 1960களின் நடுவில் அடுத்தடுத்து வறட்சி ஏற்பட்டு, வெளிநாட்டுக் கோதுமையை நம்பி நாடு வாழ்ந்தபோது, வீரிய விதைகளும் செயற்கை உரங்களுமே உற்பத்தியைப் பெருக்கின. பசுமைப் புரட்சி என்றழைக்கப்படும் இம்மாற்றத்தைக் காணக் குமரப்பா உயிருடன் இல்லை.

எனினும் அம்மாற்றத்தின் பயன் நீர்ப்பாசனம் பெற்ற நிலங்களுக்கே மிகுதியாகச் சென்றது. கல்லுப்பட்டி, பேரையூர் போன்ற மானாவாரிப் பகுதிகளுக்கு அது அரைகுறையாகவே வந்து சேர்ந்தது. நெல்லுக்குக் கிடைத்த கவனம் குதிரைவாலிக்குக் கிடைக்கவில்லை. பனை மரங்கள் செங்கல் சூளைக்கு விறகாக வெட்டப்பட்டன.

தாக்கம்

ஜெர்மனியில் பிறந்த பொருளியலாளர் ஈ. எப். சூமேக்கர், 1973 இல் வெளியான சிறியதே அழகு என்னும் புகழ்பெற்ற நூலில், பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில் குமரப்பாவை எடுத்தாண்டுள்ளார். மேலைநாட்டு வாசகர்கள் பலர் குமரப்பாவின் பெயரை அறிந்தது இந்நூல் வழியாகவே. ஜெய்ப்பூரில் குமரப்பா கிராம சுயராஜ்ய நிறுவனம் இவரது பெயரால் அமைந்தது. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வாரும் (1938–2013) குமரப்பாவின் கருத்துகளைப் போற்றியவர். கரூர் மாவட்டத்தில் வறண்ட நிலமொன்றை வாங்கி, மூடாக்கிட்டு மண்ணை மீட்கும் பணியில் அவர் ஈடுபட்டார்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரமாகும். பனை மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021 இல் தமிழ்நாடு அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பனை விதைகளை நடும் திட்டமும் அவ்வறிக்கையில் இடம்பெற்றது. ஏறுவதற்கு ஆள் கிடைப்பது மட்டும் அரிதாகவே உள்ளது.